மை கெட்டியாகிறது, துகள் அளவு மட்டும் மாறவே இல்லை

மைத்துளி:
நீர் சார்ந்த கறுப்பு இன்க்ஜெட் மை, நிறமி கார்பன் பிளாக். மூடிய பாட்டிலில் 60 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தேன். பாகுநிலை 4.1 சென்டிபாய்ஸிலிருந்து 6.3 ஆகிவிட்டது, ஆனால் டிஎல்எஸ் கருவியில் (ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவை அளப்பது) போட்டால் முதல் நாள் இருந்த அதே 120 நானோமீட்டர்தான். எதை நம்புவது?

கரித்தூள்:
பாட்டிலை வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் எடை போட்டீர்களா? சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை மூடி சரியாக இறுகாததைக் கவனிக்காமல் மூன்று நாள் டிஸ்பர்சன்ட்டை (நிறமித் துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கும் சேர்மானம்) திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் தண்ணீர்தான் ஆவியாகியிருந்தது. பிஎச்சையும் பாருங்கள். அமீன் சேர்த்து நடுநிலையாக்கிய டிஸ்பர்சன்ட் என்றால், அமீன் பறந்துபோனதும் மின்னேற்றம் குறைந்து துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும்.

சல்லடை:
டிஎல்எஸ்ஸுக்கு எதில் நீர்த்தீர்கள்? வெறும் தண்ணீர் என்றால் சிக்கலே அங்குதான். லேசாகக் கொத்துக்கொத்தாகச் சேர்ந்திருக்கும் துகள்கள் ஆயிரம் மடங்கு நீர்த்ததும் பிரிந்துவிடும், கருவிக்கு எல்லாம் நல்லபடியாகத் தெரியும். நிறமி சேர்க்காத அதே மைத் திரவத்தில் நீர்த்து அளந்து பாருங்கள். அப்புறம் விஸ்கோமீட்டரை மெதுவாகவும் வேகமாகவும் சுழற்றிப் பாருங்கள், மெதுவாகச் சுழலும்போது பாகுநிலை எகிறினால் கொத்து இருக்கிறது என்று அர்த்தம்.

மைத்துளி:
எடை அப்படியே இருக்கிறது, பிஎச் 8.6-லிருந்து 8.4, அவ்வளவுதான். தண்ணீரில்தான் நீர்த்திருந்தேன். மைத் திரவத்தில் நீர்த்ததும் 190 காட்டுகிறது! மெதுவான சுழற்சியில் பாகுநிலை 9-க்கு மேல்.

சல்லடை:
சரி, அப்போது கருவி பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. கிளைகோல் ஈதர் (ஒரு வகைக் கரைப்பான்) ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?

மைத்துளி:
பியூட்டைல் ஈதர் வகை, 8 சதவீதம். தாள் சீக்கிரம் உறிஞ்சட்டும் என்று.

சல்லடை:
எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். அந்த வகை ஈதர்கள் நிறமியின் மேல் உட்கார்ந்திருக்கும் டிஸ்பர்சன்ட்டைக் கிளப்பிவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. மூன்று பாட்டில் வையுங்கள்: அரைத்த நிறமிக் கலவை மட்டும், அதோடு ஈதர், ஈதர் இல்லாத முழு மை. மூன்றும் 60 டிகிரியில். முதலாவதும் மூன்றாவதும் அசையாமல் இருந்து இரண்டாவது மட்டும் கெட்டியானால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

கரித்தூள்:
1 மைக்ரான் வடிகட்டியில் ஓட்டி, குறிப்பிட்ட அளவு மை இறங்க எத்தனை நொடி என்றும் குறித்து வையுங்கள். சராசரியில் தெரியாத நாலைந்து பெரிய துகள்தான் நாசிலை (அச்சுத் தலையில் மை வெளிவரும் நுண்துளை) அடைக்கும்.