பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுக்க எவ்வளவு ஆகும்? அவசரம்

ஒத்தக்கடைத்_தம்பி:
வணக்கம். எங்கள் பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுக்கப் போகிறோம். மேஸ்திரி 12 லட்சம் கேட்கிறார். நியாயமா? பில்லர் எல்லாம் இருக்கிறது. பின்னால் பில்லரை மேலே நீட்டுவதற்காக அப்பா அப்போதே மேலே கம்பியும் விட்டு வைத்திருக்கிறார். தையில் தம்பி கல்யாணம், அதற்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எத்தனை சதுரம்? கட்டி எத்தனை வருஷம்? என்ன மண்? ஒன்றும் சொல்லாமல் 12 லட்சம் நியாயமா என்றால் என்னத்தைச் சொல்ல!

பழைய_ஓவர்சீயர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. 'பழைய வீடு' என்றால்? ஓட்டு வீடா, மெட்ராஸ் டெரஸா, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட ஆர்சிசியா? மர உத்தரத்தின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒத்தக்கடைத்_தம்பி:
மன்னிக்கவும். மதுரைப் பக்கம். 1993இல் கட்டியது. ஆர்சிசி. எட்டரை சதுரம். கீழே மட்டும்தான் இப்போது இருக்கிறது.

சதுரஅடி_சாமி:
850 சதுர அடிக்கு 12 லட்சம் என்றால் சதுர அடி 1,411 ரூபாய். போன வருஷம் திருச்சியில் எனக்கு 2,350 ஆனது, அதுவும் நானே பக்கத்தில் நின்று பார்த்து. உங்கள் மேஸ்திரி எதையோ கணக்கில் விட்டிருக்கிறார். படி சேர்த்தாரா? மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை இறக்கி மறுபடி ஏற்றுவது? பழைய தளத்தைப் பெயர்த்து அந்த ரப்பிஷை அள்ளுவது? எனக்கு அதற்கே தனியாக 60 ஆயிரம் போனது. செங்கல்லையும் மணலையும் மேலே ஏற்றுகிற கூலி வேறு. எல்லாவற்றையும் அயிட்டம் அயிட்டமாக எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையில் 12 லட்சம் என்பது அட்வான்ஸ் மாதிரிதான்.

கோவைக்காரி:
காசை விடுங்கள், முதலில் மண். எங்கள் வீடு கரிசலில் நிற்கிறது. சித்திரையில் ஜன்னல் மூலையில் விரிசல் விடும், ஐப்பசி மழையில் தானாக மூடிக்கொள்ளும். அது தெரியாமல் மேலே கட்டினால் கட்டியதும் சேர்ந்து விரியும். உங்கள் வீட்டில் அப்படி விரிசல் உண்டா?

ஒத்தக்கடைத்_தம்பி:
விரிசல் இல்லை அக்கா. செம்மண், கீழே சரளை. பாத்ரூம் மேலே மட்டும் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது, அது பழசுதான்.

கோவைக்காரி:
'அது பழசுதான்' என்று கடைசியில் சொல்கிறீர்களே! இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஏஏசி_பிரியன்:
நண்பரே, ஏஏசி கல்லில், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த எடை குறைந்த சிமெண்ட் கல்லில், கட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது. பத்தடி உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஓர் அடி நீளத்துக்கு 400 கிலோ வரும். எட்டு அங்குல ஏஏசி, பூச்சு சேர்க்காமல், 120 தாண்டாது.

சித்தாள்_மகன்:
ஏஏசி அண்ணே, சுவர் எடை குறையும் சரி, மேலே போடும் கான்கிரீட் கூரை, அந்த சிலாப்? ஐந்து அங்குல கான்கிரீட் சதுர அடிக்கு 29 கிலோ. 850க்கு 25 டன் எப்படியும் கீழே இறங்கத்தான் போகிறது. மேலே இப்போது கிடக்கும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு இவற்றைப் பெயர்த்தாலே பத்து டன்னுக்கு மேல் மிச்சம்.

தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கம்பி எத்தனை இடத்தில் நிற்கிறது? என்ன நிலையில் இருக்கிறது?

ஒத்தக்கடைத்_தம்பி:
ஆறு இடத்தில் அண்ணே. போர்ட்டிகோ தூண் ரெண்டு, வீட்டின் நாலு மூலை. அம்மா அதில்தான் துணிக்கொடி கட்டியிருக்கிறார். தேய்த்தால் செதில் செதிலாகத் துரு வருகிறது. மூலையில் இருக்கிற கம்பி இப்போது பென்சில் தடிமன்தான்.

சித்தாள்_மகன்:
நினைத்தேன். கம்பி மேலே தெரிந்தால் கீழே பில்லர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சிலாப் போடும்போது வீட்டுக்காரர் 'பின்னால் மாடி எடுப்போம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவர் மனசு நிறைய மூலைக்கு நாலு துண்டைச் செருகி விடுவார்கள். எங்க அப்பா கூட வேலைக்குப் போனபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை உரித்துப் பாருங்கள். செங்கல் தெரிந்தால் அது சுவர். அப்புறம் வெளியே அந்த மூலையை ஒட்டி மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து அஸ்திவாரம் வரைக்கும் போங்கள். அரை நாள் வேலை. எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் தோண்டாதீர்கள்.

பழைய_ஓவர்சீயர்:
பில்லர் இல்லையென்றால் மாடி கூடாது. இதற்கு எதற்குக் குழியும் பள்ளமும்? அடிப்படை தெரியாதவர்கள் ஆலோசனை சொல்ல வந்தால் இப்படித்தான்.

சித்தாள்_மகன்:
ஐயா, நம் ஊரில் பில்லரே இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவரில் கீழும் மேலுமாக நிற்கும் வீடு தெருவுக்குத் தெரு இருக்கிறது. கீழ்ச் சுவருக்கு நேர் மேலேதான் மேல் சுவர் வர வேண்டும், அஸ்திவாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹால் நடுவில் சிலாப் மேல் சுவர் வைக்கிற ஆசை மட்டும் கூடாது. பாத்ரூம் மேலே கம்பி துருப்பிடித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு, கான்கிரீட் எவ்வளவு உறுதி என்று தட்டிப் பார்க்கிற ஹாமர் டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
பிளான் அப்ரூவலையும் பாருங்கள். பழைய அப்ரூவல் தரைத்தளத்துக்கு மட்டும் இருக்கும். புதுசு வாங்காமல் பேங்க் லோன் கிடைக்காது. அப்புறம் சிலாப்புக்கு ஆற்று மணலே போடுங்கள். எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல், போட்ட என் மச்சான் வீடு முதல் மழையிலேயே ஒழுகியது.

சதுரஅடி_சாமி:
ஒழுகினதுக்கு எம்-சாண்ட் என்ன செய்யும்? ஏழு நாள் தண்ணீர் கட்டினாரா உங்க மச்சான்?

வைகைக்கரை:
கட்டினார். நானே பார்த்தேன்.

சதுரஅடி_சாமி:
அப்படியென்றால் கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று தலையில் கட்டியிருப்பார்கள். கண்ணாடி டம்ளரில் பாதி மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மேலே தடிமனாக மாவு படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆற்று மணல் என்று இப்போது வருவதையும் இதே டம்ளரில் போட்டுப் பாருங்கள், பாதி வண்டல்.

ஏஏசி_பிரியன்:
பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். எம்-சாண்டில் பூசினால் சொரசொரப்பாக நிற்கும். ஏஏசி கல்லுக்கு அந்தத் தொல்லையும் குறைவு.

வைகைக்கரை:
எதை எடுத்தாலும் ஏஏசியில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்களே சார், கடை வைத்திருக்கிறீர்களா?

கோவைக்காரி:
கேட்ட தம்பியைக் காணோம். குழி தோண்டினீர்களா?

பழைய_ஓவர்சீயர்:
வர மாட்டார். வேலை முடிந்தால் நன்றி சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஒத்தக்கடைத்_தம்பி:
மூன்று வாரம் வர முடியவில்லை, மன்னிக்கவும். தோண்டினோம். போர்ட்டிகோ தூண் இரண்டுக்கும் மண்ணுக்கடியில் கான்கிரீட் அடித்தளம், ஃபுட்டிங், இருக்கிறது. மற்ற நாலு மூலையிலும் செங்கல்தான். கம்பி சிலாப்புக்குக் கீழே ஒரு சாண் கூடப் போகவில்லை, சித்தாள்_மகன் அண்ணன் சொன்னது அப்படியே. அஸ்திவாரம் கருங்கல், நாலடி ஆழம், நன்றாக இருக்கிறது என்றார் இன்ஜினியர். பாத்ரூம் சிலாப்பை மட்டும் உடைத்துப் போட வேண்டுமாம். சுவர் மேல் சுவராகக் கட்டினால் தாங்கும். படி, தொட்டி எல்லாம் சேர்த்து 20 லட்சத்து 80 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது. தைக்குள் முடியாது, தம்பி வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். கம்பி விஷயத்தை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி.

சதுரஅடி_சாமி:
நல்லது தம்பி. இன்ஜினியர் ஃபீஸ் எவ்வளவு வாங்கினார்?

சதுரஅடி_சாமி:
தம்பி?