கோத்தகிரி கிளினிக்கில் ஆட்டோகிளேவ் தகராறு

கேள்வி (கோத்தகிரி):
பல் கிளினிக் திறந்து 4 மாதம். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் அழுத்த முள் 15 பவுண்டில் நிற்க, 20 நிமிடம் வைக்கிறேன். சூடு போதுமா என்று பார்க்க உள்ளே போட்ட சோதனைப் பட்டை அரைகுறையாகத்தான் கறுக்கிறது. பல் அச்செடுக்க வாயில் வைக்கும் ஆல்ஜினேட் பசையும் இறுகுவதற்குள் நோயாளிக்குக் குமட்டுகிறது. கோவையில் படித்தபோது இந்தத் தொல்லை இல்லையே?

பதில் (குன்னூர்):
கோவை 400 மீட்டர் உயரம், தம்பி. உங்கள் ஊர் ஏறத்தாழ 1,800. வீட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மறுக்கிறதே, அதே கதைதான். முள் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். இங்கே வெளிக்காற்றே மெலிந்தது. கிருமி சாகத் தேவையான 121 டிகிரி வர இங்கே 18 பவுண்டு தேவை. ஆனால் தயாரிப்பாளரிடம் கேட்காமல் வால்வைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், அது சீறிய சீறலில் உதவியாளர் அக்கா கையுறையோடு தெருவுக்கே ஓடிவிட்டார். அதுவரை என்னிடம் வந்த நோயாளிகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

பதில் (ஊட்டி):
ஆல்ஜினேட்டுக்குச் சில்லென்ற குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறீர்களா? அதனால்தான் இறுகத் தாமதம். ஃபிளாஸ்க் வெந்நீர் கலந்து 22 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடு கூடினால் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். இன்னொன்று, பல் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் மாலையில் திறந்துவிடுங்கள். ஜூலை மூடுபனியில் அரைக் குவளை வரும்.

கேட்டவர்:
நிறுவனத்தார் அனுமதித்தார்கள், 18 வைத்தேன். பட்டை கன்னங்கரேல். அடுத்து, கிருமி வித்துகளும் செத்தனவா என்று பார்க்கும் ஸ்போர் சோதனைக்கு அனுப்புகிறேன், சார்.