கான்சாஸ் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து: லாரன்ஸ் நகரில் கண்டதும் கேட்டதும்

கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே கான்சாஸ் பல்கலைக்கழக அணியின் முதல் பயிற்சியாளர் என்பதும், அவர் காலத்தில் அந்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது என்பதும் மேற்படிப்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் உள்ள, அமெரிக்காவின் லாரன்ஸ் நகருக்குச் சென்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன. அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றிகளைவிடத் தோல்விகள் மிகுந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. ஆயினும் அவரைக் குறைத்துப் பேசிய ஒருவரையும் அந்த ஊரில் நான் சந்தித்ததில்லை.

1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் வகுத்த 13 விதிகளின் மூலப் பிரதி, ஆட்ட அரங்கை ஒட்டிய டிப்ரூஸ் மையத்தில் இருக்கிறது. இப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் டேவிட் பூத் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த அந்த ஆவணம், தட்டச்சு செய்த இரண்டே தாள்கள்தான். பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், அதை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்கிறது ஒரு விதி. பந்தைத் தரையில் தட்டியபடி முன்னேறுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் என்ற விதியை வாசித்தபோது, இன்றைய ஆட்டம் அதிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று வியந்தேன்.

நெய்ஸ்மித்தின் மாணவரான ஃபாக் ஆலன் 39 பருவங்கள் பயிற்சியளித்து, 1952-ல் தேசியப் பட்டத்தையும் வென்று தந்தார். அவர் பெயரால் 1955-ல் திறக்கப்பட்ட ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் என்ற ஆட்ட அரங்கில் 2024 வரை ஏறத்தாழ 16,300 பேர் அமர முடிந்தது. எதிரணி வீரர்களை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் அனைவரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து, வாசிப்பதுபோல் அமர்ந்திருப்பார்கள். தங்கள் அணியின் முறை வந்ததும் அவற்றைக் கிழித்து வீசுவார்கள். ஆட்டம் தொடங்குமுன் "ராக் சாக், ஜேஹாக்" (ஜேஹாக் என்பது அணியின் செல்லப்பெயர்) என்று அனைவரும் மெதுவாக இழுத்துப் பாடும் முழக்கம், இருக்கையின் கட்டைவரை அதிரும். 1988, 2008, 2022 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் மணிக்கணக்காகச் சொல்வார்கள். 2022 இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தும் வட கரோலினா பல்கலைக்கழக அணியை 72-69 என வென்றதை, என் அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒவ்வொரு கட்டமாக விவரித்தார்.

அவரிடமிருந்துதான் ஜான் மெக்லென்டனின் பெயரை முதன்முதலில் கேட்டேன். 1930-களில் அங்கு படித்த அந்தக் கறுப்பின மாணவருக்குப் பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதி இல்லை. நெய்ஸ்மித்தே அவருக்கு வழிகாட்டியாக இருந்து இந்த விளையாட்டைக் கற்பித்தார். பட்டங்களின் பட்டியலைவிட இதையே அந்த அணியின் வரலாற்றில் முதன்மையான பகுதியாகக் கருதுகிறேன். 1957 மார்ச்சில் கான்சாஸ் சிட்டியின் முனிசிபல் ஆடிட்டோரியத்தில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான வில்ட் சேம்பர்லின் ஆடிய கான்சாஸ் அணி மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின் வட கரோலினாவிடம் 54-53 என்று தேசியப் பட்டத்தை இழந்தது. அதே மாதம் அதே அரங்கில், டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரியின் பயிற்சியாளராக வந்திருந்த மெக்லென்டன், சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றார். 1958, 1959 ஆகிய அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அது அவருடைய அணிக்கே கிடைத்தது.