ஃபுட்போல்ல கோலுக்கு முன்னால இருக்கிற பொக்ஸுக்குள்ள, வேணுமெண்டே கால் விட்டு விழுந்து வாங்கின பெனல்டிகள்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்க

மணல் மைதான நடுவர்:
11 வருசமா கல்முனைப் பக்கம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு விசில் ஊதுறன். அதுல ஒரு பெனல்டி இன்னும் நித்திரையில வரும்.

அரையிறுதி, 0-0, பொழுது படுற நேரம். ஸ்ட்ரைக்கர், கோல் காக்கிற கோலியத் தாண்டிப் பந்தத் தட்டிவிட்டான். தட்டினது ஒள்ளம் கூடிப் போச்சு, பந்து கோட்டுக்கு வெளிய போகும் எண்டு அவனுக்கே தெரியும். கோலி கைய நீட்டிப் படுத்திட்டார். பொடியன் விழுந்தான். கையில கால் பட்டத நான் கண்ணால கண்டன். ஊதினன். கோல், ஆட்டம் முடிஞ்சுது.

சனம் கலைஞ்ச பிறகு அந்தக் கோலி வந்தார். என்னைவிட மூத்த ஆள். "தம்பி, ஒருக்கா இஞ்ச வாங்க" எண்டு கூட்டிப்போய்க் காட்டினார். மணல்ல பொடியன்ட வலது கால் அடியெல்லாம் பந்து போன பக்கம் நேரா இருக்கு. இடது பூட் நுனி மட்டும் கோடு கீறின மாதிரி இழுபட்டு, கோலி படுத்த பக்கம் கிறுகியிருக்கு. அந்தக் கோடு தொடங்கினது கை இருந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால! கை படமுதலே அவன் காலத் தூக்கி வைக்கிறத விட்டுட்டான். கோலி ஒரு வார்த்தை ஏசல்ல. கையுறையத் தட்டிப்போட்டுப் போயிட்டார்.

பட்டுதா இல்லையா எண்டுதான் அண்டைக்குப் பாத்தன். எது எதத் தேடிப் போச்சு எண்டு பாக்கல்ல. இப்ப பந்து தாண்டின உடன என்ட கண் அடிக்கிறவன்ட பின்னங்காலுக்குத்தான் போகும்.

முன்னாள் ஒன்பதாம் நம்பர்:
காக்கா, நான் மற்றப் பக்கத்து ஆள். பந்துக்கும் டிஃபென்டருக்கும் நடுவுல உடம்பப் போடு, அவன் பின்னால வந்து இடிப்பான் எண்டுதான் எங்களுக்குப் பழக்கினாங்க. அது களவில்ல, பந்து நம்மட காலுக்குள்ள இருக்குமட்டும். பந்து போன பிறகு கால அகட்டி அவன்ட காலக் கொளுவுறதுதான் களவு. ரெண்டையும் செஞ்சவன் நான், வித்தியாசம் நல்லாத் தெரியும்.

ஒருக்கா மட்டக்களப்பு வெபர் மைதானத்துல ஒண்டுமே படாம விழுந்தன். மஞ்சள் அட்டை. மற்றப் பக்கத்துக்கு மறைமுக உதை. வாப்பா பாத்துக்கொண்டு இருந்தவர். இரவு சோத்துல கை வச்சுக்கொண்டு, "கால் நோவு எப்பிடி?" எண்டு மட்டும் கேட்டார். உம்மா உண்மையாவே தைலம் எடுக்கப் போயிட்டா.

இரவுல மெட்ச் பாக்கிறவன்:
வீடியோவத் திருப்பிப் பாக்கிற வி.ஏ.ஆர். இருந்தாலும் தீராத வழக்கு இது. 2018 உலகக் கிண்ணத்துல கொஸ்டாரிக்காவோட பிரேசில் நெய்மர் சாய்ஞ்சு விழுந்ததுக்கு முதல்ல பெனல்டி குடுத்தாங்க. நடுவர் திரையப் பாத்துட்டு இல்ல எண்டார். 2021ல யூரோ அரையிறுதியில டென்மார்க்கோட இங்கிலாந்து ஸ்டேர்லிங் விழுந்தார், பெனல்டி குடுத்தாங்க. அதையும் பாத்தாங்க, மாத்தல்ல. தெளிவான பிழை இருந்தாத்தான் மாத்தலாம், கொஞ்சமாவது பட்டிருந்தா மைதானத்துல நடுவர் குடுத்த முடிவு நிக்கும். அந்தப் பெனல்டிய இங்கிலாந்து கேன் அடிச்சார், டென்மார்க் கோலி ஷ்மைக்கல் தடுத்தார், திரும்பி வந்தத கேனே உள்ள போட்டார். நெதர்லாந்து ரொபன் இன்னொரு தினுசு. 2014 உலகக் கிண்ணத்துல மெக்சிக்கோவ வெண்ட பிறகு, முதல் பாதியில ஒருக்கா வேணுமெண்டே விழுந்தன், கடைசிப் பெனல்டி மட்டும் உண்மை எண்டார். ஆர் நம்புற?

பி.டி. சேர் (விளையாட்டு ஆசிரியர்):
எல்லாரும் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள். பட்டால் ஃபவுல் என்று சட்டத்தில் இல்லை, சரி. படாவிட்டால் ஃபவுல் இல்லை என்றும் இல்லையே! தடக்கி விழுத்த முயன்றாலே குற்றம். டிஃபென்டர் கவனயீனமாகச் செய்தானா என்பதுதான் முதல் கேள்வி. கவனயீனத்துக்கு அட்டை இல்லை, எதிராளிக்கு வரும் ஆபத்தை மதிக்காமல் பாய்ந்தால் மஞ்சள், மிதமிஞ்சிய பலம் என்றால் சிவப்பு.

எங்கள் பிள்ளை ஒருத்தி, வழுக்கிக்கொண்டு வந்த காலைக் கண்டு மேலே குதித்தாள். குதித்து விழுந்தாள். நடித்தாள் என்று அவளுக்கே மஞ்சள் அட்டை. குதிக்காமல் நின்றிருந்தால் முழங்கால் போயிருக்கும். "சேர், நான் இனி நிண்டு அடி வாங்கட்டா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மணல் மைதான நடுவர்:
சேர், அந்த அட்டை எனக்கும் குத்துது. நானும் அப்பிடி ஒண்டு ரெண்டு காட்டியிருப்பன். பின்னால இருந்து ஓடிவந்து பாத்தா குதிக்கிறதும் நடிக்கிறதும் ஒரே மாதிரித்தான் தெரியும், பக்கவாட்டுல நிண்டாத்தான் காலுக்கும் காலுக்கும் நடுவுல இருக்கிற வெளிச்சம் தெரியும். ஊர் மெட்சுல லைன்ஸ்மனும் ஏதோ ஒரு டீமுக்கு மச்சான்தான், அவர நம்பேலாது.

மறுகா, போன மாசம் அதே கோலிக்கு விசில் ஊதினன். டொஸ் போடமுதல் ஆள் கோலுக்கு முன்னால நிண்டு, மணலக் காலால தள்ளித் தள்ளி மட்டமாக்கிக்கொண்டு இருந்தார். என்னக் கண்டதும் சிரிச்சார்.