சாயமே போடாத செல் ஒளிர்ந்தபோது... உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இருட்டறைவாசி:
ஒளி பாய்ச்சினால் சாயமில்லாமலே செல் ஒளிர்கிற தன்னொளிர்வைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரு நாளாவது அதைத் திட்டியிருப்பீர்கள். நானும் திட்டியவன்தான். சாயம் போடாத கண்ட்ரோல் தட்டை ஒரு படம் எடுப்பேன், அந்த வெளிச்சத்தை மற்ற படங்களிலிருந்து கழிப்பேன், அதோடு சரி.

அன்று சாயம் தீர்ந்துவிட்டது. வளர்த்த செல்களை வீணாக்க மனமில்லாமல் 360 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, 460 பக்கம் ஃபில்டர் வைத்து, எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே போனேன். மெல்லத் தெரிந்தது. நடுவே கரு ஒரு இருண்ட வட்டம். அதைச் சுற்றி நூல் நூலாக மைட்டோகாண்ட்ரியா. (நீலம் என்பதெல்லாம் நாம் அப்புறம் பூசுகிற நிறம். கேமராவுக்கு எல்லாம் சாம்பல்தான்.) கை சும்மா இருக்கவில்லை, செல்லின் சுவாசத்தை அடைக்கிற ரொட்டீனோன் கொஞ்சம் விட்டேன். சில நிமிடங்களில் அந்த நூல்கள் பளிச்சென்று ஆயின.

சுவாசத் தொடர் அடைபட்டதும், அதற்கு எலக்ட்ரான் கொடுக்கிற, தானே ஒளிர்கிற என்ஏடிஎச் மூலக்கூறைச் செலவழிக்க வழியில்லாமல் செல் சேர்த்துக்கொண்டே போகிறது. நான் வழக்கமாகக் கழித்துத் தள்ளுகிற வெளிச்சம் அது! இரண்டு வருடப் படங்களில் இதை எத்தனை தடவை கழித்திருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மூடிவில்லை:
எனக்கு நடந்தது நேர் எதிர். மருந்து விட்ட செல்களில் என்ஏடிஎச் ஒளி ஏறியது, துள்ளிக் குதித்தேன். மறுநாள் மருந்தே விடாத செல்களிலும் அதே ஏற்றம். அடர்த்தியாக வளர்ந்த செல்கள், மேலே கவர்ஸ்லிப் கண்ணாடியை இறுக்கி மூடியிருந்தேன். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

காட்டிக்கொடுத்தது ஒரு காற்றுக்குமிழி. மூடும்போது தவறுதலாக மாட்டிக்கொண்டது. அதைச் சுற்றி இருந்த செல்கள் மட்டும் மங்கலாக, வளையம் மாதிரி. மற்றதெல்லாம் பிரகாசம். அந்தக் குமிழி மட்டும் இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதியே அனுப்பியிருப்பேன்.

கணக்குப்புலி:
இருட்டறைவாசி, என்ஏடிஎச் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதன் நெருங்கிய உறவான என்ஏடிபிஎச் மூலக்கூறும் அதே அலைநீளத்தில்தான் ஒளிரும். பிரகாசத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ‘கண்டுபிடித்த’ மாதிரியும் சொல்ல வேண்டாம். பிரிட்டன் சான்ஸ் என்கிற ஆய்வாளர் 1960-களிலேயே உயிருள்ள திசுவில் இதை அளந்துவிட்டார்.

என் அனுபவம் ஒரே வரி: ஒரு வாரம் முழுக்க, செல் வளர்க்கிற மீடியத்தின் ஒளியை அளந்துவிட்டு அதைச் செல் என்று நம்பினேன். அதனால் சொல்கிறேன். பீனால் ரெட் சாயம் இல்லாத மீடியம் எடுங்கள், முடிந்தால் ரைபோஃப்ளேவின் வைட்டமினும் இல்லாதது. அது, செல்லின் இன்னொரு ஒளிரும் மூலக்கூறான எஃப்ஏடியைப் பார்க்கிற பச்சைப் பக்கத்தில் அப்படியே வந்து உட்காரும். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், புற ஊதாவில் அதுவே ஒளிரும். அடியில் கண்ணாடி வைத்தது எடுங்கள். செல்லே இல்லாத தட்டு ஒன்றை எப்போதும் அளந்து வையுங்கள். அப்புறம், ரொட்டீனோன் மட்டும் போட்டால் உச்சம்தான் தெரியும். எஃப்சிசிபி போட்டால் சுவாசம் தறிகெட்டு ஓடி என்ஏடிஎச் அடிமட்டத்துக்கு இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் செல் எங்கே நிற்கிறது என்பதுதான் அளவு. கூடவே 450-இல் தூண்டி 530 பக்கம் எஃப்ஏடியையும் பாருங்கள். அது ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில்தான் ஒளிரும், என்ஏடிஎச்சுக்கு நேர் எதிர். ஆகவே விகிதம் எடுத்தால் நம்பலாம். புற ஊதாவை நேரே அடித்துக்கொண்டே இருந்தால் செல் செத்துப்போகும். டூ-ஃபோட்டான் நுண்ணோக்கி இருந்தால் 740, 750 நானோமீட்டர் போதும். ஒளிர்வு ஆயுளையும் அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. தனியாகத் திரிகிற என்ஏடிஎச் சுமார் 0.4 நானோநொடியில் அணைந்துவிடும், புரதத்தோடு ஒட்டியது பல மடங்கு தாக்குப்பிடிக்கும்.

இருட்டறைவாசி:
அண்ணே, நான் ஆலோசனை கேட்கவில்லையே! என்ஏடிபிஎச் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். எஃப்சிசிபியும் அதே வாரம் போட்டுப் பார்த்தேன், நூல்கள் மங்கின. கண்டுபிடித்தேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. பார்த்தேன் என்றுதான் சொன்னேன்.

மஞ்சள்புள்ளி:
சண்டை போதும், என் அவமானத்தைக் கேளுங்கள். பல வாரம் வளர்த்த நியூரான்களில் பச்சை ஒளிர்புரத ஜீனைச் செலுத்தினேன். கருவை ஒட்டிக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் மின்னின. புரதம் எங்கோ பைகளில் அடைபட்டிருக்கிறது என்று ஒரு கதையே கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, பக்கத்து மேசைத் தோழி ஒன்றும் சொல்லாமல் 561 நானோமீட்டர் லேசரை மட்டும் போட்டாள். அதே புள்ளிகள், அதே இடத்தில். பச்சைப் புரதம் அந்த லேசருக்கு அப்படி மின்னாது. லிப்போஃபஸ்கின்! வயதான செல்லில் சேரும் குப்பை. எந்த நிறத்தில் கேட்டாலும் பதில் சொல்லும். ஜீன் போடாத செல்லைத் திறந்து பார்த்தால் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. அவள் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சல்லடை:
செல்களை ஒளியை வைத்துப் பிரிக்கிற சார்ட்டர் ஓட்டுகிறவர்கள் யாரும் இல்லையா? சாயம் எதற்கு, தானாகவே நன்றாக ஒளிர்கிற செல்தான் துடிப்பானது என்று முடிவு கட்டி, உச்சத்தில் இருந்த பங்கை மட்டும் பிரித்து வளர்க்க வைத்தேன். மறுநாள் ஒன்றுகூட ஒட்டவில்லை, எல்லாம் மிதந்தது. செத்த செல்லின் தன்னொளிர்வுதான் அதிகம் என்று அப்புறம்தான் சொன்னார்கள். வேண்டாமென்று ஒதுக்கிய மங்கலான கூட்டம் ஒரு குழாயில் மிச்சமிருந்தது. கொட்டப்போனவன் எதற்கும் என்று ஒரு துளி தட்டில் விட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் எல்லாம் ஒட்டி, கைகால் நீட்டிப் படர்ந்திருந்தன.