பால் கவர், பிரியாணி டப்பா, சிப்ஸ் கவர்: எதெல்லாம் ரீசைக்கிள் ஆகும்?

வியாசர்பாடி_அம்மு:
ப்ரெண்ட்ஸ் ஒரு டவுட்டு. காலைல பேட்டரி வண்டி வரும்போது மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சிதான் குடுக்கறேன். ஆனா மக்காததுல போடற பிளாஸ்டிக் எல்லாம் ரீசைக்கிளுக்கு போகுதா இல்ல நேரா கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கா? பிரியாணி டப்பா, தயிர் கப்புன்னு அடில முக்கோணம் போட்டு நம்பர் இருக்கே, நம்பர் இருந்தாலே ரீசைக்கிள் ஆகும்னு வீட்டுக்காரர் அடிச்சி சொல்றாரு.

காயலாங்கடை_தம்பி:
அக்கா, அந்த நம்பர் என்ன பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லும், வாங்கிப்பாங்களான்னு சொல்லாது. எங்க சித்தப்பா காயலாங்கடைல பாக்கறத வெச்சி சொல்றேன். நம்பர் 1னா தண்ணி பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில், அதுக்கு எப்பவும் ஆள் இருக்கு, உருக்கி நூலாக்கி துணிக்கெல்லாம் போகுது. நம்பர் 2னா கெட்டி கேன், அதுவும் நல்லா போகும். பார்சல் டப்பா பெரும்பாலும் நம்பர் 5, வெள்ளையா இருந்தா எடுப்போம், கருப்புன்னா ரேட்டு கம்மி ஏன்னா உருக்கினாலும் கருப்பாதான் வரும் வேற கலர் ஏத்த முடியாது. தெர்மாகோல் தட்டு நம்பர் 6, மூட்டை கட்டினாலும் எடையே நிக்காது, எவனும் தொட மாட்டான்.

தண்டையார்பேட்ட_பாய்:
சிப்ஸ் கவர விட்டுட்டியேபா. உள்ள வெள்ளி மாறி மின்னுதுல்ல, அது ரெண்டு மூணு லேயர ஒண்ணா ஒட்னது, பிரிச்சி எடுக்க முடியாது. பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட்டும் அதே கததான். இதெல்லாம் சிமெண்ட் பேக்டரி சூளைல நிலக்கரியோட சேத்து எரிக்க அனுப்புவாங்கோ, அத போய் ரீசைக்கிள்னு சொல்லிக்கினு கீறாங்கோ.

மாடித்தோட்டம்_பெரம்பூர்:
பால் கவர் நல்ல சரக்குங்க, எடைக்கு எடுத்துப்பாங்க. 2019 ஜனவரி 1ல பிளாஸ்டிக் தடை வந்தப்பவே பால், எண்ணெய் கவருக்கெல்லாம் விலக்கு குடுத்தாங்க. ஆவின் கவர வெட்டும்போது முனைய தனியா துண்டாக்காதீங்க, அந்த துணுக்க யாரும் பொறுக்க மாட்டாங்க நேரா கால்வாய்க்குதான் போவும், லேசா கீறி விட்டா கவரோடவே தொங்கிக்கிட்டு இருக்கும். அலசி கவுத்து காய வைங்க, ஈரத்தோட கட்டி வெச்சா ரெண்டு நாள்ல வீடே நாறிடும்.

வியாசர்பாடி_அம்மு:
சூப்பர்ங்க. தயிர் கப்பு? அதுல நம்பர் அழிஞ்சி போயிருக்கு.

காயலாங்கடை_தம்பி:
நசுக்கி பாருங்கக்கா, வளைஞ்சி குடுத்தா 5ஆ இருக்கும், படக்குனு ஒடஞ்சா 6. மேல இருக்கற அலுமினிய பாயில் மூடிய உரிச்சிட்டு போடுங்க. பிரியாணி டப்பாவையும் சோப்பு போட்டு கழுவிடுங்க, எண்ணெய் பிசுக்கோட போட்டா அதே மூட்டைல இருக்கற அட்டப்பெட்டியும் வீணாயிடும்.

தண்டையார்பேட்ட_பாய்:
உங்க வண்டில வர்ற அக்காவயும் ஒரு வார்த்த கேளுங்கோ, விக்கறத அவங்களே தனி சாக்குல கட்டி தொங்க விட்டுக்கினு வருவாங்கோ, அதுல போட்டா அவங்களுக்கும் நாலு காசு.