புதுப்பிப்பு: சீனப் பள்ளி மாணவனுக்கு ஆங்கில வாசிப்பு, எது பலித்தது

முன்பு கேட்டிருந்தேன்: குவாங்சோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வான காவ்காவுக்காக ஆங்கிலச் சொற்பட்டியலை அகரவரிசையில் உருப்போடுகிறான், பத்தியைக் கொடுத்தால் திணறுகிறான், என்ன செய்யலாம் என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதலில் பலர் சொன்ன ஃபிளாஷ்கார்டு செயலி. அது நடக்கவில்லை. பையன் விடுதியில் இருக்கிறான். 2021இல் வந்த கல்வி அமைச்சக உத்தரவுக்குப் பிறகு பள்ளியில் கைப்பேசிக்குக் கெடுபிடி. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாசித்த பத்தியிலிருந்தே வாக்கியத்தோடு சொல்லை நோட்டில் எழுதச் சொன்னோம். (அந்தப் பட்டியல்கள் 'அபாண்டன்' (abandon, 'கைவிடு') என்ற சொல்லில் தொடங்கும், பாதிப் பேர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள் என்று அங்கே ஒரு கேலி உண்டு.)

உண்மையில் கைகொடுத்தது, தேர்வில் வரும் 'ஏழில் ஐந்து' பகுதிக்கு ஒருவர் சொன்ன வழி. பத்தியில் ஐந்து இடைவெளி, கீழே ஏழு வாக்கியம், இரண்டு உபரி. சரியான ஒவ்வொன்றுக்கும் 2.5 மதிப்பெண். தெரிவுகளை, அதாவது அந்த ஏழு வாக்கியங்களை, மூடிவைத்து, இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களை மட்டும் படித்து, அங்கே என்ன வரவேண்டும் என்று ஊகிக்க வேண்டும். பிறகு சுட்டுச்சொல்லைப் பிடிக்க வேண்டும். ஒரு தெரிவு 'தீஸ் ஹேபிட்ஸ்' (these habits, 'இந்தப் பழக்கங்கள்') என்று ஆரம்பித்தால், முந்தைய வாக்கியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பழக்கம் வந்திருக்க வேண்டும். இதைப் பார்க்கத் தெரிந்ததும் அந்தப் பகுதியில் பெரும்பாலும் தவறுவதில்லை.

எதிர்பாராதது: தனியாகப் பயிற்சியே செய்யாத குளோஸ் பகுதியிலும் (பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) மதிப்பெண் ஏறியிருக்கிறது. கேட்டல் பகுதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.